தேயிலையும் தூக்குமரமும்

விலை ஏறினால் மக்கள் குமுறுவர், கூட்டம் போடுவர், கொடி பிடிப்பர். இது எங்கும் உள்ளதுதான். விலை இறங்கியதற்காக ஓர் ஊர் கொதித்தெழுந்தது, மலிவாக வந்த சரக்கைக் கடலிலே கொட்டியது என்றால், கேட்பவர் சிரிப்பார். ஆனால் நடந்தது அதுதான். 1773-ம் ஆண்டு டிசம்பர் 16-ம் நாள் இரவு, அமெரிக்காவிலே, போஸ்டன் துறைமுகத்திலே, 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போயிற்று. கள்ளத்தனமாக வந்துகொண்டிருந்த டச்சுக்காரத் தேயிலையையும்விட மலிவாக விற்க வந்த தேயிலை அது!

ஏன் கொட்டினார்கள்? கொட்டும் துணிவை ஊட்டியது யார்? அதைச் சொல்வதானால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். சாமுவேல் ஆடம்ஸ் என்பது அவர் பெயர். வாளேந்திய வீரர் அல்ல. வாணிபத்தில் வென்ற சீமானும் அல்ல. தொட்ட தொழிலெல்லாம் தோற்றவர். கடனாளி. நாற்பது வயதுக்குமேல்தான் நாடு அவரை நன்கு அறிந்தது. அந்தக் கடனாளிதான் கடலாளும் பேரரசைக் கதிகலங்க வைத்தார்.

நாம் பாராட்டுப் பா பாட மட்டும் வரவில்லை. பாராட்ட நிரம்ப உண்டு, பாராட்டுவோம். ஆனால் அந்த மனிதரின் பிற்கால வாழ்விலே நம்மைச் சுடும் இடம் ஒன்றும் உண்டு. அதை மறைத்துவிட்டு மாலை மட்டும் போடுவது நமக்குப் பழக்கமில்லை.

1722-ல் போஸ்டனில் பிறந்தவர் ஆடம்ஸ். தந்தையின் பெயரும் சாமுவேல்தான். பார்லியை முளைகட்டி உலர்த்தி, பீர் காய்ச்சுவோருக்கு விற்பது குடும்பத் தொழில். வசதியான வீடு. மாதாகோயிலிலே மதிப்பு, ஊர்ப் பொதுக்கூட்டத்திலே செல்வாக்கு. கப்பல் கட்டுவோரும் கைத்தொழில் செய்வோரும் பெரியவர் ஆடம்சின் பேச்சுக்குக் காது கொடுப்பர்.

1740-ல் வந்தது வினை. மாசசூசெட்ஸ் என்ற அந்தக் குடியேற்றத்தில் நிலம் உண்டு, மாடு உண்டு, மரம் உண்டு. கையில் காசு மட்டும் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கும் துணிக்கும் சாமானுக்கும் விலையாக வெள்ளி நாணயமெல்லாம் கப்பலேறிப் போய்விடும். காகிதப் பணம் அச்சிடலாமென்றால் லண்டன் கட்டுப்பாடு போட்டது. உழவன் விளைத்ததை விற்க வழியில்லை. வாங்குவோனிடம் பணம் இருந்தால்தானே! எனவே, பெரியவர் ஆடம்சும் வேறு சிலரும் கூடி ஒரு நிலவங்கி கண்டனர். நிலத்தை அடமானம் வைத்தால் வங்கி நோட்டுக் கொடுக்கும். கடனை நோட்டாகவும் அடைக்கலாம். சணலாக, இரும்பாக, உள்ளூர்ப் பொருளாகவும் அடைக்கலாம். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். சந்தையிலே நோட்டு நடமாடத் தொடங்கிற்று.

வெள்ளியைப் பூட்டி வைத்திருந்த பெருவணிகர்களுக்கு வயிறு எரிந்தது. கவர்னர் பெல்ச்சர் அவர்கள் பக்கம். நிலவங்கியை ஆதரித்த அதிகாரிகளைப் பதவியிலிருந்து விரட்டினார். அதுவும் போதவில்லை, லண்டனுக்கு எழுதினர். 1741-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. இங்கிலாந்திலே மோசடிக் கம்பெனிகளை ஒடுக்க 1720-ல் செய்த சட்டம் ஒன்று கிடந்தது. அது குடியேற்றங்களுக்கும் உண்டு, தொடக்கமுதலே உண்டு என்று நீட்டிவிட்டனர். வங்கி செல்லாது, நோட்டுக்கெல்லாம் வங்கி இயக்குநர்களே சொந்தப் பொறுப்பு! செய்தது நேற்று, சட்டம் பிறந்தது இன்று, தண்டனையோ நேற்றுச் செய்ததற்கு! மூவாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு கை நீண்டு வந்து, ஒரு குடும்பத்தின் பணப்பெட்டியைத் திறந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை அப்போது ஹார்வர்டு கல்லூரி மாணவர்.

அந்தப் பிள்ளை 1743-ல் எம்.ஏ. பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வி என்ன தெரியுமா? நாட்டைக் காக்க வேறு வழியில்லையென்றால் தலைமை அதிகாரத்தையே எதிர்ப்பது முறையாகுமா என்பது. ஆகும் என்பது அவர் தரப்பு. பட்டம் வழங்கும் விழாவுக்குப் பெரிய மனிதர்களெல்லாம் வருவது வழக்கம். இருபதைத் தாண்டிய இளைஞர் ஒருவர் இப்படி வாதிடுகிறாரே என்று அவர்கள் பதறினார்களா, பையன் விளையாட்டு என்று விட்டுவிட்டார்களா, அது நமக்குத் தேவையில்லை. எதற்கு இது என்பதை அந்த வீட்டுக் கணக்குப் புத்தகம் சொல்லும்.

படிப்பு முடிந்தது, பிழைப்பு? ஒரு வணிகரின் கணக்கறையில் சேர்த்துவிட்டார் தந்தை. வணிகர் சில மாதங்களில் பிள்ளையைத் திருப்பி அனுப்பினார். சொந்தத் தொழில் செய்யட்டும் என்று 1000 பவுன் கொடுத்தார் தந்தை. பாதியை நண்பருக்குக் கடன் கொடுத்தார் மகன். நண்பர் திருப்பித் தரவில்லை. மீதிப் பாதியும் கரைந்தது. 1748-ல் தந்தை மறைய, குடும்பத் தொழில் கைக்கு வந்தது, அதுவும் தேய்ந்தது. அதே ஆண்டு நண்பர்களுடன் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். பத்திரிகை நடத்திப் பணம் சேர்த்தவர் எவர்? அதுவும் சில காலமே நடந்தது. ஆனால் எழுத்து அவரைவிட்டுப் போகவில்லை. பின்னாளில் போஸ்டன் கெசட் ஏட்டிலே, எத்தனையோ புனைபெயர்களில், இரவெல்லாம் எழுதிக் குவித்தார். ஒரே ஆள் பத்துப் பேராக எழுதுவது என்ன என்பதை நமது இயக்க ஏடுகளைப் படித்து வளர்ந்தோருக்கு விளக்க வேண்டியதில்லை.

1758-ல், தந்தை இறந்து பத்தாண்டு ஆனபிறகு, அந்தப் பழைய நிலவங்கிக் கடனுக்காக ஷெரீப் வந்தார். ஆடம்ஸ் குடும்பத்து வீடும் நிலமும் ஏலம் என்று பத்திரிகையிலே விளம்பரம்! ஆடம்ஸ் அழவில்லை. அதே பத்திரிகையிலே எழுதினார். இந்த ஏலம் சட்டப்படி செல்லாது, என் நிலத்தில் காலடி வைப்பவர்மீது வழக்குத் தொடுப்பேன் என்று ஷெரீப்புக்கு அறிவித்தார். ஏலத்தன்று நேரிலேயும் போய் நின்றார். கேட்க வந்தோர் நழுவினர். வீடு ஏலம் போகவில்லை.

இந்த ஏலக் காட்சியை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னே தேவைப்படும்.

இப்படிப்பட்டவருக்கு ஊரார் கொடுத்த வேலைதான் வேடிக்கை. 1756 முதல் அவர் போஸ்டன் நகரின் வரி தண்டுவோர்! ஏழை வீட்டுக் கதவைத் தட்டுவார். நோய் என்பார்கள், வேலை இல்லை என்பார்கள். சரி, பிறகு பார்ப்போம் என்று திரும்பிவிடுவார். 1765-க்குள் பாக்கி ஏறத்தாழ 8000 பவுன். தண்டாத தொகைக்குத் தண்டுபவரே பொறுப்பு என்பது சட்டம். நகரம் அவர்மீது வழக்கே தொடுத்தது. நண்பர்கள் கொஞ்சம் கட்டினர்; மீதியை ஊர்க்கூட்டமே பின்னாளில் தள்ளுபடி செய்தது. எதிரிகள் இதைக் காட்டித் திருடன் என்று திட்டினர். திருடியதாக மெய்ப்பித்தவர் எவருமில்லை; அவர் வீட்டுக் கூரையும் உடையும் அப்படியொரு பணத்தைக் கண்டதாகவும் தெரியவில்லை. கணக்கு வழக்கில் கவனமில்லாதவர் என்பது மட்டும் மெய். அந்தக் கதவுகளைத் தட்டியதிலே அவர் ஈட்டியது ஒன்றுண்டு. போஸ்டனிலே அப்போது பதினாறாயிரம் மக்கள் இருக்கக்கூடும். எந்தச் சந்திலே எவருக்கு என்ன குறை என்பது ஆடம்சுக்குத் தெரியும்.

1765-ல் முத்திரை வரி. பத்திரிகைக்கு முத்திரை, பத்திரத்துக்கு முத்திரை, பட்டத்துக்கு முத்திரை, சீட்டாடும் சீட்டுக்குக்கூட முத்திரை! பிரெஞ்சுக்காரருடன் நடத்திய போரிலே கடன் ஏறிவிட்டது. குடியேற்றத்தார் கொடுக்கட்டும் என்றது லண்டன். கொடுப்பதா இல்லையா என்று கேட்க, அங்கே இவர்களுக்கு ஒரு பிரதிநிதிகூடக் கிடையாது. ஆகஸ்டு 14-ம் நாள் காலை, ஊர் நடுவே ஒரு பெரிய மரத்திலே கொடும்பாவி தொங்கிற்று. முத்திரைத்தாள் விற்கவிருந்த ஆலிவரின் கொடும்பாவி. மாலையில் அதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம். சில நாட்களில் ஆலிவர் அந்த வேலையே வேண்டாமென்றார். ஆடம்ஸ் மகிழ்ந்தார். ஆகஸ்டு 26-ம் நாள் வேறொரு கும்பல் துணைக் கவர்னர் ஹட்சின்சனின் மாளிகையைச் சூறையாடிற்று. நூல்களையும் கையெழுத்துச் சுவடிகளையும் தெருவிலே வீசிற்று. அதை ஆடம்ஸ் கண்டித்தார். கண்டித்ததோடு நில்லாமல், இனிக் கூட்டம் கும்பலாகாமல் காப்பது எப்படி என்பதையும் கற்றுக்கொண்டார். அந்த ஆண்டே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு முத்திரை வரியைப் பார்லிமெண்டே நீக்கிற்று.

1767-ல் வேறு உருவில் வந்தது வரி. கண்ணாடி, ஈயம், வண்ணம், காகிதம், தேயிலை ஐந்துக்கும் சுங்கம். ஆடம்சும் தோழர்களும் எடுத்த ஆயுதம் எளியது: வாங்காதே! இங்கிலாந்துச் சரக்கை இறக்குமதி செய்யாதே! பெண்கள் இராட்டையை எடுத்தனர். வீட்டிலே நூற்ற துணியை உடுத்தினர். மற்றக் குடியேற்றங்களுக்கும் சட்டசபையின் பெயரால் கடிதம் போயிற்று, 1768-ல். அதைத் திரும்பப் பெறு என்று மன்னரின் அமைச்சர் ஆணையிட்டார். வாக்கெடுப்பு நடந்தது. திரும்பப் பெற 17 பேர்; முடியாது என்று 92 பேர். சட்டசபை கலைக்கப்பட்டது. அக்டோபரில் பட்டாளம் வந்திறங்கிற்று.

1770 மார்ச் 5. பனி கொட்டிய இரவு. சுங்கச் சாவடி முன்னே சிப்பாய்களும் ஊராரும் மோதினர். பனிக்கட்டி பறந்தது, துப்பாக்கி வெடித்தது. ஐவர் மாண்டனர். அவர்களிலே கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்பவர் கறுப்பர். மறுநாள் ஊர்க்கூட்டம் ஆடம்சை அனுப்பிற்று. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அதே ஹட்சின்சன். ஊருக்குள் இருந்த இரண்டு பட்டாளத்தில் ஒன்றை வேண்டுமானால் தீவுக் கோட்டைக்கு அனுப்புகிறேன் என்றார். ஒன்றை அனுப்ப அதிகாரம் இருந்தால் இரண்டையும் அனுப்பலாமே என்று பிடித்தார் ஆடம்ஸ். இரண்டும் போயின. பிறகு விசாரணை நடந்தபோது சிப்பாய்களுக்காக வாதாடியவர் வேறு யாருமல்ல, ஆடம்சின் உறவினர் ஜான் ஆடம்ஸ். ஆறு பேர் விடுதலை, இருவருக்குச் சிறு தண்டனை. சாமுவேல் பத்திரிகையிலே தீர்ப்பைக் கிழித்தெழுதினார். ஜான் செய்ததே நேர்மை என்பது நம் எண்ணம்.

அந்த மார்ச் 5-ம் நாளே லண்டன் பார்லிமெண்டில் ஐந்து சுங்கத்தில் நான்கை நீக்கும் தீர்மானம் வந்தது. தேயிலைச் சுங்கம் மட்டும் நீங்கவில்லை. பவுண்டுக்கு மூன்று பென்சுதான். வருமானத்துக்காக அல்ல, வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்பதற்கு அடையாளமாக ஒரு முளையை அடித்து வைத்தனர்.

மக்கள் அயர்ந்தனர். வாங்காதிருப்பது எத்தனை நாளைக்கு? வணிகர்கள் மெல்ல மெல்லப் பழைய வழிக்குப் போயினர். ஆடம்சின் தோழர்களே ஒதுங்கினர். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் செய்த வேலைதான் நமக்கு மிகப் பிடித்தது. கவர்னருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் இனிச் சுங்கப் பணத்திலிருந்து மன்னரே கொடுப்பார் என்று அறிவிப்பு வந்தது. சம்பளம் கொடுக்கும் கை மக்கள் கையாக இல்லையென்றால், அதிகாரி எவர் முகத்தைப் பார்ப்பான்? 1772 நவம்பரில் போஸ்டன் ஊர்க்கூட்டத்திலே 21 பேர் கொண்ட கடிதத் தொடர்புக் குழு ஒன்றை அமைக்கச் செய்தார். வேலை என்ன? ஊர் ஊராகக் கடிதம் எழுதுவது. எங்கள் குறை இது, உங்கள் கருத்து என்ன என்று கேட்பது. ஆர்ப்பாட்டமில்லை, ஆரவாரமில்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் பதில் எழுதின. ஏர் பிடித்தவர்கள் கூடி அமர்ந்து, தங்கள் உரிமை என்ன என்று எழுதத் தொடங்கினர். படை திரட்டுவதைவிடப் பெரிய வேலை அது.

இனித் தேயிலைக்கு வருவோம். அங்கேதான் நமது சென்னைப் பட்டணமும் கதைக்குள் வருகிறது.

தேயிலை சீனத்துச் சரக்கு. வாணிபம் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. ஜார்ஜ் கோட்டையிலே கொலுவிருந்த அதே கம்பெனி! 1687 முதல் 1692 வரை அந்தக் கோட்டையை ஆண்ட எலிஹு யேல் பிறந்ததே போஸ்டனில்தான் என்பது வரலாற்றின் குறும்பு. 1769-ல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசலுக்கே வந்து கம்பெனியைச் சமாதானம் கேட்க வைத்தது. ஐதரின் செய்தி எட்டியதும் லண்டனில் கம்பெனிப் பங்கு சரிந்தது. 1770-ல் வங்காளத்தில் பஞ்சம். மக்கள் லட்சக்கணக்கில் மாண்டனர். பிணத்தின் நடுவிலும் நிலவரி வாங்கியது கம்பெனி. கம்பெனியின் ஆட்கள் கொழுத்தனர், கம்பெனி நொடித்தது. லண்டன் கிடங்குகளில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பவுண்டு எடைத் தேயிலை விற்காமல் முடங்கிக் கிடந்தது. பார்லிமெண்ட் உறுப்பினர் பலர் அதன் பங்குதாரர். விடுவார்களா? 1773-ல் 14 லட்சம் பவுன் கடன் கொடுத்தனர். தேயிலைச் சட்டமும் செய்தனர். இங்கிலாந்தில் கட்டும் தீர்வையைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுப்பது. கம்பெனி நேராக அமெரிக்காவுக்கு அனுப்பலாம். தான் பொறுக்கியெடுத்த ஆட்கள் மூலமே விற்கலாம். அமெரிக்காவில் அந்த மூன்று பென்சுச் சுங்கம் மட்டும் அப்படியே!

சூழ்ச்சி புரிகிறதா? விலை இறங்கும்; மக்கள் வாங்குவர்; வாங்கும்போதே மூன்று பென்சு வரியையும் ஒப்புக்கொண்டதாகும். உள்ளூர் வணிகன் ஒழிவான். இன்றைக்குத் தேயிலை, நாளைக்கு எது? போஸ்டனில் கம்பெனித் தேயிலை விற்கும் உரிமை பெற்றோர் பட்டியலில் ஹட்சின்சனின் பிள்ளைகள் இருவர்! அவர்தான் இப்போது கவர்னர். வங்காளத்தில் கம்பெனி நடத்திய கொடுமையைச் சுட்டிக்காட்டி, அதே கம்பெனி இங்கும் கால் வைக்கிறது என்று பிலடெல்பியாவிலிருந்து ஜான் டிக்கின்சன் எழுதினார். நமது மண்ணிலே நடந்தது அங்கே எச்சரிக்கை மணியாயிற்று.

நவம்பர் 28-ல் டார்ட்மத் என்ற முதல் கப்பல் வந்தது. இருபது நாட்களுக்குள் சுங்கம் கட்டாவிட்டால் அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். செய்தால் தேயிலை கரைக்கு வந்துவிடும். ஊர்க்கூட்டம் கூடிற்று. மண்டபம் போதாமல் பழைய தெற்குத் தேவாலயத்துக்கு மாறினர். ஆயிரக்கணக்கில் வந்தனர்; சொத்துள்ளவர்க்கே வாக்கு என்ற விதியை யாரும் நினைக்கவில்லை, வந்தவரெல்லாம் ஊரார்தான். கப்பலைச் சரக்கோடு திருப்பியனுப்பு என்பதே கோரிக்கை. கப்பலுக்குக் காவல் போட்டனர், எவனும் இறக்காமலும் எவனும் திருடாமலும். பின்னும் இரண்டு கப்பல்கள் வந்தன. திருப்பியனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும், கவர்னர் மறுத்தார். டிசம்பர் 16, கடைசி நாளுக்கு முந்தைய நாள். கப்பல் உரிமையாளர் ராட்ச் கடைசி முறையாகக் கவர்னரிடம் போனார். இருட்டியபின் வெறுங்கையோடு வந்தார். இனி இந்தக் கூட்டம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று ஆடம்ஸ் அறிவித்தார். அதுவே அடையாளச் சொல் என்று பிற்காலத்தார் கதை கட்டினர். அப்படியல்ல, அதன்பின்னும் அவர் கூட்டத்தைக் கலையவிடாமல் இருக்கச் சொன்னார் என்று வாதிடும் அறிஞர் உண்டு. நமக்கு இரண்டும் ஒன்றே. மண்டபத்துக்கு வெளியே செவ்விந்தியக் கூச்சல் எழுந்தது. முகத்தில் கரி, தோளில் போர்வை, கையில் கோடரி, துறைமேடைக்கு நடந்தனர்.

மூன்று மணி நேரம். பெட்டியைப் பிளந்தனர், கொட்டினர். வேறு பொருளைத் தொடவில்லை. உடைந்த பூட்டு ஒன்றுக்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தனர். சட்டைக்குள் தேயிலையைத் திணித்துக்கொண்ட ஒருவனைப் பிடித்து உதைத்து அனுப்பினர். வற்றிய நேரமாதலால் தேயிலை கடலில் முழுகாமல் குவியலாக நின்றதாம். பிள்ளைகள் இறங்கிக் கலைத்துவிட வேண்டியிருந்தது. கம்பெனிக்கு நட்டம் 9659 பவுன்.

பதிலடி பலமாக வந்தது. 1774 ஜூன் 1-ல் துறைமுகம் மூடப்பட்டது. ஒரு படகு அசைய முடியாது. கூலிக்காரன் பட்டினி. கவர்னர் அனுமதியின்றி ஆண்டுக்கு ஓர் ஊர்க்கூட்டத்துக்குமேல் கூடக்கூடாதென்று சட்டம். போஸ்டன்காரர்கள் என்ன செய்தனர்? புதுக் கூட்டம் கூட்டவில்லை. பழைய கூட்டத்தையே ஒத்திவைத்து ஒத்திவைத்து நடத்தினர்! கடிதம் எழுதி வளர்த்த உறவு இப்போது கைகொடுத்தது. அண்டை ஊர்கள் ஆடு அனுப்பின. தொலைவிலிருந்த தென் கரோலினா அரிசி அனுப்பிற்று.

ஜூன் 17-ல் சேலம் என்ற ஊரிலே சட்டசபை. (நமது சேலம் அல்ல.) எல்லாக் குடியேற்றங்களும் கூடும் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்ப ஆடம்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். கதவைத் தாழிட்டார்கள். கலைப்பு ஆணையோடு வந்த கவர்னரின் செயலாளர் தட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. படிக்கட்டிலே நின்று காற்றுக்கு ஆணையைப் படித்தார். உள்ளே தீர்மானம் நிறைவேறிற்று.

பிரதிநிதியாகப் போக வேண்டியவரிடம் நல்ல சட்டை இல்லை. ஒருநாள் தையற்காரர் வந்து அளவெடுத்தார். அனுப்பியது யார் என்று சொல்லவில்லை. பிறகு தொப்பிக்காரர், செருப்புத் தைப்பவர். சில நாளில் பெட்டி நிறையப் புத்துடை வந்திறங்கிற்று. ஊரார் உடுத்திவிட்ட உடையோடு பிலடெல்பியா போனார் ஆடம்ஸ். தொண்டனுக்கு இதைவிடப் பெரிய பட்டாடை ஏது?

பிறகு நடந்தது உலகம் அறிந்தது, விரைந்து சொல்லலாம். 1775 ஏப்ரல் 19-ல் லெக்சிங்டனில் முதல் குண்டு. ஜூனில் தளபதி கேஜ் பொதுமன்னிப்பு அறிவித்தார். இருவருக்கு மட்டும் கிடையாது. ஒருவர் செல்வர் ஹான்காக், மற்றவர் ஆடம்ஸ். 1776-ல் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். 1780-ல் மாசசூசெட்ஸ் அரசியல் சட்டத்தை எழுதியோரில் ஒருவராக இருந்தார்.

இப்போது அந்தச் சுடும் இடம்.

போர் முடிந்தது. மாசசூசெட்சிலே மேற்கு மாவட்டத்து உழவர்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு ஏரைப் பிடித்தனர். போரில் உழைத்ததற்குக் கூலியாக அவர்களிடம் இருந்தது காகிதப் பத்திரம். பசிக்கு அதைத் தின்ன முடியுமா? கிடைத்த விலைக்குத் தள்ளினர். துறைமுக நகரத்துப் பணக்காரர் வாங்கிக் குவித்தனர். புது அரசு அந்தப் பத்திரங்களுக்கு முழு மதிப்பும் கொடுக்க முனைந்தது. பணத்துக்கு வழி? வரி! எவர்மீது? பத்திரத்தை விற்ற அதே உழவர்மீது! அதையும் வெள்ளியாகக் கட்டு என்றது. வெள்ளி எங்கே? 1740-ல் இல்லாததுபோலவே 1786-லும் இல்லை. மாடு ஜப்தி, நிலம் ஏலம், ஆள் கடன் சிறையில். காகிதப் பணம் அச்சிடுங்கள், வரியைத் தணியுங்கள் என்று ஊர் ஊராகக் கூடி விண்ணப்பம் எழுதினர். ஆம், கடிதம் எழுதினர்! ஆடம்ஸ் கற்றுக்கொடுத்த பாடம்தானே! சட்டசபை குறை தீர்க்காமலே கலைந்து போயிற்று. 1786 ஆகஸ்டு 29-ல் நார்தாம்ப்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டு நீதிமன்றத்தை நடக்கவிடாமல் மறித்தனர். மன்றம் கூடாவிட்டால் ஏலமும் கிடையாதல்லவா? பிறகு அவர்களுக்குத் தலைவராகப் பேசப்பட்டவர் டேனியல் ஷேஸ். விடுதலைப் போரிலே காப்டன். லபாயெத் பரிசளித்த வாளையே வறுமையால் விற்றவர்.

ஏலத்தன்று நேரில் போய் நின்று ஷெரீப்பை மிரட்டிய அந்த மனிதர் இப்போது என்ன சொன்னார்? 1784-லேயே எழுதிவிட்டார்: மக்களாட்சி வந்தபின் ஊர்க்குழுக்களும் மாநாடுகளும் வேண்டியதில்லை, அவை ஆபத்து என்று. 1786-ல் கலகத் தடைச் சட்டம் வந்தது. ஆயுதத்தோடு 12 பேர் கூடிக் கலையாவிட்டால் நிலம் பறிமுதல், 39 கசையடி, சிறை. விசாரணையின்றி அடைத்துவைக்கவும் வழி செய்தனர். அதைச் செய்தோர் வரிசையில் முன்னே நின்றவர் ஆடம்ஸ். முடியரசிலே கலகம் செய்தவனை மன்னிக்கலாம். குடியரசின் சட்டத்தை எதிர்த்து ஆயுதமெடுத்தவன் சாகத்தான் வேண்டும் என்பது அவர் வாதம்.

வாதத்திலே பொருளில்லை என்று நாம் தள்ளிவிட மாட்டோம். லண்டன் பார்லிமெண்டில் போஸ்டன்காரருக்கு வாக்கில்லை. மாசசூசெட்ஸ் சட்டசபையில் மேற்கு மாவட்டத்துக்குப் பிரதிநிதி உண்டு. பிடிக்காத ஆட்சியைத் தேர்தலில் மாற்றலாம். ஆளை மாற்றும் வழி திறந்திருக்கத் துப்பாக்கி எதற்கு என்று கேட்பது சரியான கேள்விதான். ஆனால் 1780 அரசியல் சட்டம் சொத்தில்லாதவனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஏலத்தில் நிலம் போயிற்று என்றால் வாக்கும் போயிற்று! அதை எழுதிய குழுவில் இருந்தவருக்கு இது தெரியாதா? தந்தையின் வங்கி நோட்டைச் செல்லாதென்றபோது கொதித்த உள்ளம், உழவன் காகிதப் பணம் கேட்டபோது ஏன் கொதிக்கவில்லை? பாரிசில் இருந்த ஜெபர்சன், அவ்வப்போது இப்படியொரு குமுறல் எழுவது நாட்டுக்கு நல்லதே, கடுமை வேண்டாம் என்று எழுதினார். கிட்டே இருந்தவர் தூக்குக் கயிறு கேட்டார்.

1787 ஜனவரி 25-ல் ஸ்பிரிங்பீல்டு ஆயுதக் கிடங்கின்முன் பீரங்கி வெடித்தது. உழவர் நால்வர் மாண்டனர். போஸ்டன் வணிகர் பணம் போட்டுத் திரட்டிய படை, பிப்ரவரியில் பனிப்புயலினூடே விரட்டிச் சென்று மற்றவர்களைச் சிதறடித்தது. பலருக்கு மரண தண்டனை. அந்த வசந்தத்திலே தேர்தல் வந்தது. உழவர்மீது படை ஏவிய கவர்னர் பௌடாயின் படுதோல்வி. வென்ற ஹான்காக் மன்னிப்பு வழங்கினார், வரியும் தணிந்தது. கொள்ளைக் குற்றம் சாட்டப்பட்ட இருவர் மட்டும் தூக்கில் மாண்டனர். ஆடம்சின் சொல்லை மக்கள் கேட்கவில்லை. அவர் சொன்ன தேர்தல் வழியையே மேற்கொண்டு அவர் கேட்ட கயிற்றை விலக்கினர்.

1793-ல் ஹான்காக் மறைய, ஆடம்ஸ் கவர்னரானார். 1797-ல் தாமே விலகினார். பேரரசை ஆட்டிவைத்த கை நடுங்கி நடுங்கிப் பேனா பிடிக்க முடியாமல் போயிற்று. பிறர்தான் எழுதித் தந்தனர். முதுமையிலே வறுமை வாட்டவில்லை. அதற்குக் காரணம் அவர் மகன். போரிலே படை மருத்துவராக உழைத்து, உடல் கெட்டு, 1788-ல் தந்தைக்கு முன்னே இறந்தவர். அவருக்கு அரசு கொடுக்க வேண்டியிருந்த போர்க்காலப் பாக்கிப் பத்திரங்கள் தந்தையின் கைக்கு வந்தன. அவை பணமாயின.

1803 அக்டோபர் 2-ல், 81-ம் வயதில், ஆடம்ஸ் மறைந்தார். போஸ்டன் கிரானரி இடுகாட்டில் அவர் கல்லறை. 1770-ல் சுடப்பட்ட ஐவரும் அங்கேதான் கிடக்கின்றனர். டேனியல் ஷேஸ் 1825 வரை இருந்தார்; நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஏழையாகவே இறந்தார்.